ஒன்பதுகளின் வரிசையும் ஒன்று என்னும் எண்ணும்

எண்களைப் பற்றி எழும் ஐயங்களுள் பெரும்பாலானவை கணிதம் கற்றோர்க்கே உரியவை. ஏனையோர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், கற்றோரும் மற்றோரும் ஒருங்கே நின்று வழக்காடும் ஐயம் ஒன்று உண்டு. எட்டிலக்கக் கணிப்பான் ஒன்றில் 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.3333333 என்று வரும். வந்த விடையை 3-ஆல் பெருக்கினால் 1 திரும்ப வருதல் வேண்டும். எளிய கணிப்பானோ 0.9999999 என்று காட்டி நின்றுவிடும். இயந்திரத்தில் இடம் போதவில்லை, ஆதலின் சிறிது குறைந்தது என்று அமைதி கொள்ளலாம். இடம் முடிவின்றி இருந்து, ஒன்பதுகளும் முடிவின்றித் தொடர்ந்தால்? அப்பொழுது அவ்வெண் 1-க்குச் சமமாகுமா, அன்றி மயிரிழை அளவேனும் குறைந்தே நிற்குமா?

கணித நூலார் இன்று தரும் விடையில் தயக்கமில்லை. 0.999... என்பது 1 தான். ஏறத்தாழ 1 என்பதோ, 1-ஐ நெருங்கிக்கொண்டிருப்பது என்பதோ அவர்தம் கருத்தன்று. ஒன்று என்னும் முழு எண்ணையே வேறு வகையில் எழுதியது அது என்பர். கேட்ட அளவில் மனம் இதற்கு உடன்படுவதில்லை. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டால், ரோல்ஃப் சுவார்சன்பெர்கர் ஆகிய இருவர் 1978-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குச் சான்று. கணிதம் பயிலப் பல்கலைக்கழகம் புகுந்த முதலாண்டு மாணவர்களிடம் இவ்வினா வைக்கப்பட்டபோது, பெரும்பாலோர் 1-ஐ விடக் குறைவு என்றே விடையிறுத்தனர். அவர்களை அறியாதார் என்று ஒதுக்குதல் முறையன்று. பேரறிவாளர் பலர் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தயங்கி நின்ற இடத்திலேயே அவர்களும் தயங்கினர். அத்தயக்கம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு தீர்ந்தது என்பதே ஈண்டு நாம் காணப் புகுவது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முடிவின்றிச் சுழல்தல் எண்ணின் இயல்பா, எழுத்து முறையின் இயல்பா? மூன்றில் ஒரு பங்கு என்பதில் மருமம் ஏதுமில்லை. ஒரு கயிற்றை மூன்றாக மடித்தால் அது கிடைத்துவிடும். அதனைத் தசமத்தில் எழுத முற்படும்போதுதான் 0.333... என்று முடிவிலா வரிசை தோன்றுகின்றது. தசமம் பத்தின் கூறுகளால் அமைவது. பத்தினுள் இருப்பவை இரண்டும் ஐந்துமே. கீழெண் இரண்டாலும் ஐந்தாலும் மட்டும் ஆகிய பின்னங்களே தசமத்தில் முடிவுபெறும், மற்றவை சுழலும். ஆங்கிலக் கணிதர் ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட தம் இயற்கணித நூலில் இதனை ஆராய்ந்துள்ளார்.

நம் முன்னோர் வழங்கிய பின்ன வாய்பாட்டை வைத்தே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அந்த வாய்பாடு இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை என்பது வேறு கதை. ஒன்றில் 320-இல் ஒரு கூறு முந்திரி எனப்பட்டது. இரண்டு முந்திரி அரைக்காணி. நான்கு முந்திரி காணி. எட்டு முந்திரி அரைமா. பதினாறு முந்திரி மா. எண்பது முந்திரி கால். முந்திரியின் முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு கூறு, கீழ்முந்திரி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நில அளவு இந்தக் கீழ்வாய்ப் பின்னங்கள் வரை நுணுகிச் செல்வதைக் காணலாம். இப்பொழுது ஒரு வேலி நிலத்தை மூவர்க்குச் சமமாகப் பிரிக்கக் கணக்கர் ஒருவர் அமர்கின்றார் என்று கொள்வோம். ஒவ்வொருவர்க்கும் காலும் ஒரு மாவும் அரைமாவும் அரைக்காணியும், கூட்டினால் 106 முந்திரி, எழுதிய பின் அவர் கையில் அரைக்காணி எஞ்சும். அதனைக் கீழ்முந்திரியாக்கினால் 640. ஆளுக்கு 213 போக ஒரு கீழ்முந்திரி எஞ்சும். அதனையும் முந்நூற்றிருபது கூறாக்கினால் ஆளுக்கு 106 போக இரண்டு எஞ்சும். இவ்வாறே 106, 213, 106, 213 என்று கணக்குச் சுழன்றுகொண்டே போகும். 320-உம் இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கி வந்ததே. மூன்றுக்கு அதனுள் இடமில்லை.

மூவர் பங்கையும் திரும்பக் கூட்டிப் பார்த்தால் வியப்பொன்று காத்திருக்கின்றது. 318 முந்திரியும் 639 கீழ்முந்திரியும் சேர்ந்து, 319 முந்திரி, 319 கீழ்முந்திரி என்றாகும். அதன் கீழும் 319, 319 என்றே செல்லும். கணிப்பான் காட்டிய 0.9999999-க்கு ஈடானது இதுவே. பத்துக்கு ஒன்று குறைந்தது ஒன்பது. முந்நூற்றிருபதுக்கு ஒன்று குறைந்தது முந்நூற்றுப் பத்தொன்பது. ஆனால் நிலம் எங்கும் போய்விடவில்லை. மூவர்க்குப் பிரித்த ஒரு வேலியும் ஒரு வேலியாகவே அங்குக் கிடக்கின்றது. அன்றியும், கீழ்முந்திரியை 21 கூறாக்கி அதன் ஒரு கூற்றை இம்மி என்று கொள்ளும் வாய்பாடும் நம்மிடம் உண்டு. அதனைக் கைக்கொண்டால், எஞ்சிய ஒரு கீழ்முந்திரி ஆளுக்கு ஏழு இம்மியாகப் பிரிந்து கணக்கு முடிந்துவிடும்! இருபத்தொன்றினுள் மூன்று அடங்கியிருக்கின்றது அல்லவா? முடிவின்மை எழுத்தினுடையது; எண்ணினுடையது அன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

எனினும் ஐயம் முற்றும் தீர்ந்துவிடவில்லை. இம்மியைத் தொடாமல், சுழலும் வழியிலேயே முடிவின்றிச் சென்றால், கணக்கர் கையில் எஞ்சிய அந்த மிச்சம் என்ன ஆகும்? ஒவ்வொரு படியிலும் அது இருக்கின்றது, சிறுத்துக்கொண்டே போகின்றது, எந்தப் படியிலும் மறைவதில்லை. வழக்கெல்லாம் இந்த மிச்சத்தைப் பற்றியதே.

கிரேக்கர் இம்மிச்சத்தை அஞ்சினர் என்று கூறின் மிகையாகாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த எலியா நகரத்துச் சீனோ, ஓட்டத்தில் வல்ல அக்கிலீஸ் தனக்கு முன்னே செல்லும் ஆமையை ஒருபோதும் எட்டிப்பிடிக்க இயலாது என்று வாதிட்டார். ஆமை இருந்த இடத்தை அவன் அடைவதற்குள் அது சிறிது முன் நகர்ந்திருக்கும். அவ்விடத்தை அடைவதற்குள் மேலும் சிறிது. மிச்சம் தீர்வதே இல்லை. இதற்கு விடை காண முயன்ற அரிஸ்டாட்டில், முடிவிலி என்பது மேலும் மேலும் செல்லக்கூடிய வாய்ப்பு மட்டுமே, முழுமையாக நிறைந்து நிற்கும் பொருளன்று என்று வரையறுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகள் இக்கருத்தே அறிஞர் உலகை ஆண்டது. ஒன்பதுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போவதாக எண்ணிப் பார்க்கும் மாணவனும் தன்னை அறியாமலே அரிஸ்டாட்டில் பக்கம் நிற்கின்றான்.

சிரக்கூசு நகரத்து ஆர்க்கிமிடீஸ் இவ்விடரைத் தாண்டிய விதம் நுட்பமானது. பரவளைவின் ஒரு துண்டினது பரப்பை அளக்கப் புகுந்த அவர்க்கு ஒன்று, அதன் கால், அக்காலின் கால் என்று தொடரும் கூட்டல் எதிர்ப்பட்டது. முடிவில்லாத கூட்டலை அவர் கூட்டவேயில்லை. எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும், அத்தொகையோடு கடைசி உறுப்பின் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் சரியாக 4/3 வரும் என்பதை நிறுவினார். ஒன்றும் காலும் மாகாணியும் கூடினால் 21/16; கடைசி உறுப்பாகிய மாகாணியில் மூன்றிலொரு பங்கு 1/48; இரண்டும் சேர்ந்து 64/48, அதுவே 4/3. பின்னர், பரப்பு 4/3-ஐ விட மிகுந்தது என்றாலும் முரண்பாடு விளையும், குறைந்தது என்றாலும் முரண்பாடு விளையும் என்று காட்டி, இரண்டு வாயில்களையும் அடைத்துவிட்டார். கி.மு. 212-இல் உரோமானியப் படைவீரன் ஒருவனால் கொல்லப்பட்ட இப்பேரறிஞர் முடிவிலி என்னும் சொல்லைத் துணைக்கழைக்காமலே இதனைச் சாதித்தார்.

வியப்பு யாதெனின், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்குப் பின், கிரேக்க வழியின் நிழல் தெரியாத முறையில், இதே காலின் கால் தொடர் கேரளத்தில் ஆராயப்பட்டது. திருக்கண்டியூரில் 1444-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட சோமயாஜி, ஆரியபட்டீயத்திற்கு வடமொழியில் விரிந்த உரை ஒன்று வரைந்தார். தமிழகத்து வானியலறிஞர் சுந்தரராசர் தம் ஐயங்களை இவரிடமே கேட்டு விடை பெற்றார் என்பது நாம் மகிழத்தக்க ஒரு செய்தி. வில்லுக்கும் நாணுக்கும் உள்ள தொடர்பை ஆராயுமிடத்து அவர்க்குக் கால், காலின் கால், அதன் கால் என்னும் தொடர் முடிவின்றிக் கூடினால் மூன்றில் ஒரு பங்காகும் என்ற முடிவு வேண்டியிருந்தது. அதனைச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. தொகை அந்த அளவு வரைதான் வளரும் என்பதை எவ்வாறு அறிவது? அந்த அளவு வரை வளர்ந்தே தீரும் என்பதைத்தான் எவ்வாறு அறிவது? இவ்விரண்டு வினாக்களையும் அவரே எழுப்புகின்றார்.

இவ்விரு வினாக்களும் தனித்தனி என்பதை உணர்ந்ததுதான் நீலகண்டரின் பெருமை என்பது என் துணிபு. நம் ஒன்பதுகளின் வரிசை 1-ஐத் தாண்டாது என்பதை எவரும் ஒப்புவர். வழக்கிருப்பது இரண்டாம் வினாவில். நீலகண்டர் மிச்சத்தையே சான்றாக்கினார். மூன்றில் ஒன்று என்பது காலும் பன்னிரண்டில் ஒன்றும் சேர்ந்தது. அப்பன்னிரண்டில் ஒன்று, பதினாறில் ஒன்றும் நாற்பத்தெட்டில் ஒன்றும் சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் குறைபடும் அளவு கடைசி உறுப்பின் மூன்றிலொரு பங்காக நின்று, படிதோறும் நாலில் ஒன்றாகச் சுருங்குகின்றது. மிச்சம் எவ்வளவு என்பது கணக்காகத் தெரிந்துவிட்டபின், அது எந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடும் என்பதும் தெரிந்துவிடுகின்றது. அத்தொடரின் ஒவ்வோர் உறுப்பையும் மும்மடங்காக்கினால் முக்கால், முக்காலின் கால் என்று தொடர்ந்து, தொகை 1 ஆகும். பத்தின் இடத்தில் நான்கை வைத்து எண்ணும் ஓர் உலகம் இருப்பின், அங்கு 0.333... என்பதே 1 ஆகும். நம் ஒன்பதுகளுக்கு அவை உடன்பிறப்பு. நீலகண்டர் உரை திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் 1930-ஆம் ஆண்டு முதல் மூன்று பகுதிகளாக அச்சேறியது. அதற்கு முன் அது சுவடிகளிலேயே இருந்தது.

ஐரோப்பாவின் கதை வேறு வழியில் சென்றது. தசமப் பின்னங்களைத் தமஸ்கு நகரில் பத்தாம் நூற்றாண்டிலேயே அல்-உக்லிதிசி கையாண்டார். சமர்கண்டில் அல்-காசி 1427-இல் அவற்றை விரித்துரைத்தார். ஐரோப்பிய மக்களிடையே அவற்றைப் பரப்பியவர் பிளெமியப் பொறியாளர் சைமன் ஸ்டீவின். 1585-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் நில அளப்போர்க்கும் வணிகர்க்கும் எழுதப்பட்டது. வகுத்தலில் மூன்றுகள் முடிவின்றி வருவதை அவரும் கண்டார். தேவையான அளவு நெருங்கியதும் நிறுத்திக்கொள்க என்று கூறி அப்பால் சென்றார். தொழில் செய்பவர்க்கு அது போதுமான விடையே.

நிறுத்தாமல் சென்றவர் ஆய்லர். கண்பார்வை முற்றிலும் குன்றிய நிலையில், பிறர் எழுதத் தாம் சொல்லி உருவாக்கிய இயற்கணித நூல் 1770-இல் வெளிவந்தது. அதில் 9.999... என்பது 10-க்குச் சமம் என்று பெருக்குத் தொடரைக் கூட்டும் முறையால் காட்டினார். நம் மாணவர்க்கு இன்று சொல்லப்படும் உத்தியும் அதன் உறவே. 0.999... என்பதை ஓர் எண்ணாகக் கொண்டு பத்தால் பெருக்கினால் 9.999...; இதிலிருந்து அதனைக் கழித்தால் 9; ஆக அவ்வெண்ணின் ஒன்பது மடங்கு 9, எனவே அவ்வெண் 1. மிக அழகிய உத்திதான். ஆயினும் இதனை நிறுவலாக ஏற்க என் மனம் இசைவதில்லை. காரணம் உண்டு. ஒன்பதுகள் வலப்புறமாக அன்றி இடப்புறமாக முடிவின்றி நீள்வதாகக் கொண்டு, ...999 என்பதற்கும் இதே உத்தியைப் பயன்படுத்தினால், அம்மாபெரும் எண் −1 என்று வரும்! இத்தாலியத் துறவி குயிடோ கிராண்டி 1703-இல் எழுப்பிய புதிரும் இத்தகையதே. ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, மீண்டும் கூட்டி, மீண்டும் கழித்து முடிவின்றிச் சென்றால் தொகை யாது? ஒரு வழியில் சுழியம். ஒரு வழியில் ஒன்று. பத்தால் பெருக்கியதைப் போன்ற உத்தியால் அரை. ஆய்லரும் அரை என்றே கொண்டார். முடிவிலாத் தொடர் ஒரு மதிப்பைக் குறிக்கின்றதா என்று கேளாமலே அதனைப் பெருக்கவும் கழிக்கவும் துணிந்ததால் விளைந்த தடுமாற்றம் இது. இவ்வகைத் தொடர்களால் எதனையும் நிறுவ முற்படுவது வெட்கத்திற்குரியது என்று நார்வே நாட்டு இளங்கணிதர் ஏபெல் 1826-இல் தம் ஆசிரியர்க்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்துகொண்டார்.

தெளிவு பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரெஞ்சுக் கணிதர் கோசி 1821-இல் வெளியிட்ட தம் பாட நூலில், முடிவிலாத் தொடரின் தொகை என்பது யாது என்பதற்கு வரையறை வகுத்தார். உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு செல்க. அத்தொகைகள் ஒரே எண்ணை, நாம் எவ்வளவு சிறிய இடைவெளியைக் குறித்தாலும் அதனுள் புகுந்து அங்கேயே நிலைக்குமாறு, நெருங்குமாயின், அவ்வெண்ணே தொகை. அதற்கு எல்லை என்று பெயர். அத்தகைய எண் இல்லையெனில் தொகையும் இல்லை. கிராண்டியின் தொடருக்கு எல்லை இல்லை. இடப்புறம் நீளும் ஒன்பதுகளுக்கும் இல்லை. வலப்புறம் நீளும் ஒன்பதுகளுக்கு உண்டு, அது 1.

இங்கு ஒருவர் மறுத்துக் கூறலாம்: "ஒன்பதுகள் 1-ஐ நெருங்குகின்றன என்பதை நான் ஒப்புகின்றேன், சமம் என்பதைத்தான் ஒப்பவில்லை." நியாயமான மறுப்பே. ஆனால் நெருங்கிச் செல்பவை 0.9, 0.99, 0.999 என்னும் முடிவுள்ள எண்கள். அவற்றுள் எதுவும் 1 ஆகாது. 0.999... என்று புள்ளிகள் இட்டு நாம் எழுதுவது அப்பயணிகளுள் ஒருவரை அன்று. அவர்கள் அனைவரும் நோக்கிச் செல்லும் ஊரை. ஊர் நகர்வதில்லை. வழக்காடுவோர் பயணத்தைப் பற்றிப் பேசுகின்றனர். கணிதர் ஊரைப் பற்றிப் பேசுகின்றனர்.

அவ்வூரின் பெயர் 1 என்றுதான் இருக்க வேண்டுமா, 1-க்கு மிக அருகில் வேறோர் ஊர் இருத்தலாகாதா என்பது அடுத்த வினா. இதற்கு விடை தந்தவர் ஜெர்மானியர் டெடெகிண்ட். 1858-ஆம் ஆண்டில் சூரிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் நுண்கணிதம் கற்பிக்கத் தொடங்கிய அவர், தாம் கற்பிக்கும் பொருளுக்கு உறுதியான அடித்தளம் இல்லை என்று கண்டு வருந்தினார். அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் விடை கிட்டியது. ஆனால் 1872 வரை அதனை அவர் அச்சிடவில்லை. மெய்யெண் ஒன்றை அறிவது என்பது, எந்தெந்தப் பின்னங்கள் அதற்குக் கீழே உள்ளன, எவை கீழே இல்லை என்பதை அறிவதே என்றார் அவர். 1-க்குக் குறைந்த பின்னம் ஒன்றைச் சொல்லுங்கள். பத்து இலட்சத்தில் ஒன்று குறைந்தது என்று சொன்னால், ஏழாவது ஒன்பது அதனைக் கடந்துவிடும். அதனினும் நெருக்கமாகச் சொன்னால், இன்னும் சில ஒன்பதுகள் போதும். ஆக, 1-க்குக் கீழே உள்ள பின்னங்கள் அனைத்தும் ஒன்பதுகளின் வரிசைக்கும் கீழேயே உள்ளன. இரண்டும் பின்னங்களை ஒரே இடத்தில் வெட்டுகின்றன. ஓரிடத்தில் இரண்டு எண்கள் இல்லை; இரண்டு பெயர்களே உள்ளன.

மிச்சத்தைக் கைவிட மனமில்லாதோர்க்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆபிரகாம் ராபின்சன் 1966-இல் வெளியிட்ட நூலில், சுழியத்தை விடப் பெரியதாயினும் எல்லாப் பின்னங்களையும் விடச் சிறியதாகிய எண்கள் கொண்ட அமைப்பொன்றை முரண்பாடின்றிக் கட்டிக் காட்டினார். அங்கும், எல்லா இடங்களிலும் ஒன்பது நின்றால் விடை 1 தான். முடிவிலாத் தொலைவிலுள்ள ஏதேனும் ஓரிடத்தில் வரிசையை நிறுத்தினால் மட்டுமே அந்நுண்ணிய குறை தோன்றும்.

ஓர் எண்ணுக்கு இரண்டு பெயர்கள் இருத்தல் விளையாட்டான செய்தி என்று எண்ணிவிடலாகாது. 1877-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், ஹாலே நகரிலிருந்து கியோர்க் கான்டர் பிரவுன்சுவிக்கில் இருந்த டெடெகிண்டுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். ஒரு சதுரத்தில் உள்ள புள்ளிகளையும் ஒரு கோட்டில் உள்ள புள்ளிகளையும் ஒன்றுக்கொன்றாக இணைத்துவிடலாம் என்பது அதன் பொருள். சதுரத்துப் புள்ளியின் இரண்டு அளவுகளையும் தசமத்தில் எழுதி, அதில் ஓர் இலக்கம், இதில் ஓர் இலக்கம் என்று மாறி மாறிக் கோத்தால் கோட்டில் ஒரு புள்ளி கிடைக்கும். முடிவுபெறும் தசமங்களுக்கு இரண்டு வடிவம் உண்டாதலின், 0.5 போன்றவற்றை எப்போதும் 0.4999... என்றே எழுதுவது என்று அவர் விதி செய்துகொண்டார். இரண்டே நாளில் டெடெகிண்டின் மறுமொழி வந்தது. கோட்டில் உள்ள 0.5101010... என்னும் எண்ணைப் போன்ற ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முதல் அளவு 0.5000... என்று வரும், அதுவோ உங்கள் விதியால் விலக்கப்பட்ட வடிவம், எனவே கோட்டின் இப்புள்ளிக்குச் சதுரத்தில் இணை இல்லை என்பது அவர் கண்ட குறை. ஒன்பதுகளின் வரிசையால் கான்டரின் நிறுவல் சிதைந்தது.

கான்டர் தடையை உடனே ஒப்புக்கொண்டார். ஜூன் 25-ஆம் நாள் புதிய நிறுவலோடு மீண்டும் எழுதினார். இம்முறை அவர் தசமத்தைத் தொடவில்லை, தொடர்பின்னங்களை எடுத்துக்கொண்டார். பின்னமாக எழுத இயலாத எண் ஒவ்வொன்றுக்கும் முடிவிலாத் தொடர்பின்ன வடிவம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அங்கு இரட்டைப் பெயர்க்கு இடமில்லை. மறு ஆண்டு கிரெல்லே கணித இதழில் அச்சேறியது இந்நிறுவலே.